லைக் போட்டவர்கள் பட்டாளத்தில் சேருவார்களா?

2024-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படை ஒரு விளம்பர ஒப்பந்தம் போட்டது. தொகை 1.1 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 90 கோடி ரூபாய்க்கு மேல். எதிர்த்தரப்பு, யு.எஃப்.எல். என்ற புத்தம்புதிய அமெரிக்கக் கால்பந்து லீக். அதன் உரிமையாளர்களில் ஒருவர் ‘தி ராக்’ என்று உலகத்துக்கே தெரிந்த டுவெய்ன் ஜான்சன். மல்யுத்த மேடையிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போனவர். இன்ஸ்டாகிராமில் அவரைப் பின்தொடர்பவர்கள் கிட்டத்தட்ட 40 கோடிப் பேர். வீரர்களின் சட்டையில் தரைப்படையின் சின்னம் இருக்கும், மைதானத்தில் விளம்பரம் இருக்கும், அப்புறம் ராக் தன் பக்கத்தில் ஐந்து பதிவுகள் போடுவார் என்பது பேச்சு. ஒரு பதிவின் மதிப்பு 10 லட்சம் டாலர் என்று தரைப்படை போட்டு வைத்திருந்தது.

மார்ச் கடைசியில் தொடங்கிய சீசன் ஜூனில் முடிந்தது. ராக் போட்டது இரண்டே பதிவுகள். தரைப்படை 60 லட்சம் டாலரைத் திரும்பப் பெற முயன்றது. ராணுவச் செய்திகளுக்கென்றே இயங்கும் மிலிட்டரி.காம் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிய உள் ஆவணங்களை வெளியிட்டபோது விஷயம் இன்னும் மோசமாகத் தெரிந்தது. இதனால் புதிதாக ஒருவர்கூடச் சேர்ந்திருக்க மாட்டார். மாறாக, 38 பேர் குறைந்திருப்பார்கள் என்பது தரைப்படையின் சொந்த மதிப்பீடு.

படித்ததும் இரண்டு கேள்விகள் எழும். உலகிலேயே அதிகம் செலவு செய்யும் ராணுவத்துக்கு ஆள் தேட ஏன் இத்தனை பாடு? இத்தனை கோடிப் பேர் பார்க்கும் மனிதர் சொல்லியும் ஏன் யாரும் வரவில்லை? இவற்றுக்குப் பதில் தேடிப் போனால், விளையாட்டு நட்சத்திரங்களை வைத்துச் செய்யப்படும் விளம்பரம் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதும் கூடவே பிடிபடும்.

ஆள் ஏன் கிடைப்பதில்லை

ராணுவத்துக்கு ஆள் தட்டுப்பாடு என்பதே நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் படும். இந்தியாவில் ஆள்சேர்ப்பு முகாம் என்றால் விடிவதற்கு முன்பே மைதானத்து வாசலில் கூட்டம் நிற்கும். சில நூறு இடங்களுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஓடிக் காட்டுவார்கள். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். வியட்நாம் போர்க் காலம் வரை அங்கே கட்டாய ராணுவச் சேவை இருந்தது. 1973-இல் அதை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து ராணுவமும் மற்ற முதலாளிகளைப் போல வேலைச் சந்தையில் இறங்கி, “எங்களிடம் வாருங்கள்” என்று கேட்டுத்தான் ஆள் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் விளம்பரம், முழக்கம், ஊக்கத்தொகை எல்லாமே.

2022 நிதியாண்டில் (அங்கே நிதியாண்டு அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும்) தரைப்படையின் இலக்கு 60,000 பேர். வந்தது ஏறக்குறைய 45,000. நாலில் ஒரு பங்கு காலி. அடுத்த ஆண்டு 65,000 என்று இலக்கு வைத்து, மீண்டும் சுமார் பத்தாயிரம் குறைந்தது. அதே 2023-இல் கடற்படையும் விமானப்படையும்கூட இலக்கைத் தொடவில்லை. ஆள் சேர ஒப்புக்கொண்டால் 50,000 டாலர் வரை ஊக்கத்தொகை உண்டு என்று 2022 ஜனவரியிலேயே அறிவித்திருந்தார்கள். அப்படியும் இதுதான் நிலை.

பொதுவாகச் சொல்லப்படும் காரணம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று குறைந்துவிட்டது என்பது. அதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 2020 ஆய்வின்படி, 17 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் 77 சதவீதம் பேர் சிறப்பு விலக்கு இல்லாமல் ராணுவத்தில் சேரவே முடியாது. உடல் பருமன் ஒன்றே காரணமாகத் தள்ளப்படுபவர்கள் 11 சதவீதம். போதைப்பொருள் 8. உடல் குறைபாடும் நோயும் 7. ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களால் தகுதி இழப்பவர்கள் 44 சதவீதம். நூறு பேரைக் கூட்டி வந்தால் எழுபத்தேழு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிலையில், கூட்டத்தைப் பெரிதாக்குவது மட்டும் எப்படித் தீர்வாகும்? விருப்பம் உள்ளவர்களும் குறைவுதான். படைகளில் சேரக்கூடும் என்று சொன்ன இளைஞர்கள் பத்து சதவீதத்துக்கும் கீழே.

இதில் 2022-இல் நடந்த ஒரு மாற்றத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சேர விரும்புகிறவர் முதலில் ஆள்சேர்ப்பு அதிகாரியைச் சந்திப்பார். பிறகு நுழைவுப் பரிசோதனை நிலையத்துக்குப் போவார். விடியும் முன்பே எழுப்பிக் கூட்டிப் போவார்கள். காது கேட்கும் சோதனை, நிறம் பிரித்தறியும் சோதனை, ரத்தம், சிறுநீர். குந்திய நிலையிலேயே வாத்து மாதிரி நடந்து காட்டச் சொல்வார்கள். மூட்டும் இடுப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. முன்பெல்லாம் பழைய நோய்கள் பற்றி விண்ணப்பதாரர் சொல்வதுதான் கணக்கு. எட்டு வயதில் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்ததையோ, பள்ளியில் கவனக்குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிட்டதையோ பலர் சொல்ல மாட்டார்கள். 2022 மார்ச்சில் ‘எம்.எச்.எஸ். ஜெனிசிஸ்’ என்ற மின்னணு மருத்துவப் பதிவு முறை அந்த நிலையங்களுக்கு வந்தது. பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம் திரையில் தெரிய ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் விளக்கக் கடிதம், விலக்கு மனு, காத்திருப்பு. இன்று ஓடியாடித் திடமாக இருக்கும் ஒரு பையன், தன் சிறுவயது இன்ஹேலருக்காக வாரக்கணக்கில் காத்திருந்து அலுத்து, வேறு வேலைக்குப் போய்விடுவான். அவன் போனதற்கும் நாட்டுப்பற்றுக்கும் என்ன சம்பந்தம்? 2022-இல் அமெரிக்காவில் வேலையின்மை நாலு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. வேறு வேலை கிடைப்பது அப்போது கஷ்டமே இல்லை.

ஒரு காரும் 24,800 பெயர்களும்

நட்சத்திரங்களை நம்பி ராணுவம் பணம் போட்டது ராக் விஷயத்தில்தான் முதல் முறை என்று நினைத்துவிட வேண்டாம். பத்து ஆண்டுகளுக்கு முன்பே இதைவிடப் பெரிய பாடம் ஒன்று கண்ணெதிரே நடந்து முடிந்திருந்தது. இந்தத் துறையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்காவில் தேசியக் காவல்படை என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் பகுதிநேரப் படை. சொந்த மாநிலத்திலேயே இருந்துகொண்டு வேறு வேலையும் பார்க்கலாம், அழைப்பு வந்தால் போக வேண்டும். வெள்ளம், புயல் வந்தாலும் முதலில் இறங்குவது இவர்கள்தான். இந்தப் படை 2008 முதல் நாஸ்கார் கார் பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியருக்கு ஸ்பான்சராக இருந்தது. அவர் சாதாரண ஓட்டுநர் இல்லை. புகழ்பெற்ற பந்தய வீரரின் மகன். ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘மிகப் பிரபலமான ஓட்டுநர்’ விருதை 2003 முதல் 2017 வரை விடாமல் வாங்கியவர். அவருடைய 88-ஆம் எண் காரில் தேசியக் காவல்படையின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகளில் நாஸ்காருக்காகப் படை செலவழித்தது 8.8 கோடி டாலர்.

2014-இல் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் இந்தச் செலவைக் கையில் எடுத்தார். யு.எஸ்.ஏ. டுடே நாளிதழில் கணக்கு வெளிவந்தது. 2012-இல் மட்டும் நாஸ்கார் செலவு 2.65 கோடி டாலர். அதன் வழியாக விசாரித்தவர்கள் 24,800 பேர். அவர்களில் தகுதி உள்ளவர்கள் 20 பேர். சேர்ந்தவர் ஒருவரும் இல்லை.

விளம்பரத் துறையில் இப்படி விசாரிப்பவரை ‘லீட்’ என்பார்கள். பெயர், தொலைபேசி எண், வயது கொடுத்து, “எனக்கு இதில் ஆர்வம் உண்டு” என்று சொன்னவர். விளம்பரத்தைப் பார்த்தவர்கள் ஒரு கூட்டம். அதில் லீட் ஆனவர்கள் சின்னக் கூட்டம். அதில் தகுதி உள்ளவர்கள் இன்னும் சிறிது. கடைசியில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு சிலர். எந்த விளம்பரத்தையும் மதிப்பிட, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். காவல்படைக்கு ஆண்டுக்கு 50,000 பேர் வேண்டும். அதற்குச் சுமார் பத்து லட்சம் லீட் தேவைப்படும் என்று அப்போது பேசப்பட்டது. அதாவது இருபது பேர் விசாரித்தால் ஒருவர் சேருவார். அந்தக் கணக்கில் 24,800 பேரிலிருந்து 1,240 பேர் வந்திருக்க வேண்டும். வந்தது பூஜ்யம்.

ஏன் இப்படி? பந்தய மைதானத்தில் ராணுவத்தின் கூடாரம் இருக்கும். உள்ளே காட்சிக்கு வாகனம், சிமுலேட்டர், தொப்பி, டி-ஷர்ட். வந்தவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு நாற்பது வயது இருக்கலாம், மகனுக்காக எழுதிக் கொடுத்திருக்கலாம். அவருடைய ஆர்வம் டேல் மேல், காரின் மேல், அந்த நாளின் கொண்டாட்டத்தின் மேல். படிவத்தில் இருக்கும் பெயர் உண்மையானது. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் படையில் சேரும் எண்ணத்தில் அங்கே வரவில்லை.

காவல்படையின் பதிலையும் கேட்க வேண்டும். 2007-க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள், பணியை நீட்டித்தவர்கள் ஆகியோரில் பத்துக்கு ஒன்பது பேர் நாஸ்கார் சார்ந்த விளம்பரப் பொருள்களை எப்போதாவது பார்த்திருக்கிறார்கள் என்றது படை. பிராண்ட் பெயர் மனதில் பதிவதற்கு மதிப்பு உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சேர்ந்தவர் விளம்பரத்தைப் பார்த்திருந்தார் என்பது வேறு, விளம்பரத்தால் சேர்ந்தார் என்பது வேறு. அத்தனை கோடி ரசிகர்கள் உள்ள பந்தயத்தில் ஏழு ஆண்டு காரில் பெயர் எழுதினால், சேர்ந்தவர்கள் மட்டும் அல்ல, சேராதவர்களும்தான் பார்த்திருப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் என்ன என்று அளந்தால்தான் விளம்பரத்தின் வேலை தெரியும். விளம்பர நிறுவனங்கள் தரும் அறிக்கைகளில் இந்தச் சறுக்கல் அடிக்கடி வரும். “இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்” என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தால், அடுத்த படியில் எத்தனை பேர் என்று உடனே கேட்டுவிடுங்கள்.

தரைப்படை இதை முன்பே கண்டுகொண்டது. 2012-இலேயே நாஸ்கார் ஸ்பான்சர்ஷிப்பை விட்டு வெளியேறியது. அதே ஆண்டு ஜூலையில், விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்புக்கு ராணுவம் செலவழிப்பதையே தடுக்கும் ஒரு திருத்தம் அமெரிக்கக் கீழவைக்கு வந்தது. 202-க்கு 216 என்ற வாக்கில் தோற்றது. காவல்படை தொடர்ந்தது. 2014 பிப்ரவரியில் டேல் ஜூனியர், நாஸ்காரின் ஆகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500-ஐ வென்றார், காவல்படையின் பெயர் எழுதிய அதே காரில். ஒரு ஸ்பான்சர் கனவு காணும் தருணம் அதைவிட வேறு இருக்க முடியாது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட்டில் ஒப்பந்தத்தைத் தொடரப் போவதில்லை என்று படை அறிவித்துவிட்டது. அந்த ஆண்டு மட்டும் நாஸ்காருக்கு 3.2 கோடி டாலர், இண்டிகார் பந்தயத்துக்கு 1.2 கோடி டாலர் செலவு. கார் ஜெயித்தது. ஆள் வரவில்லை.

மைனஸ் 38 என்றால் என்ன

இப்போது ராக் ஒப்பந்தத்தின் அந்த விநோதமான எண்ணுக்கு வருவோம். விளம்பரத்தால் ஆள் சேராமல் போகலாம், சரி. எப்படிக் குறையும்? ராக்கின் முகத்தைப் பார்த்து 38 பேர் ஓடிப் போய்விட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை.

ஓர் ஆண்டுக்கு விளம்பரத்துக்கென்று இருக்கும் பணமும் அதைச் செய்யும் ஊழியர்களின் நேரமும் ஓர் அளவுதான். இன்ன இடத்தில் இவ்வளவு பணம் போட்டால் இத்தனை பேர் விசாரிப்பார்கள், இத்தனை பேர் சேருவார்கள் என்று பழைய அனுபவத்திலிருந்து ஒரு கணக்குப் போட முடியும். அந்தப் பணத்தையும் நேரத்தையும் எடுத்து, பலன் தராத இடத்தில் போட்டால், முதல் இடத்தில் வந்திருக்க வேண்டியவர்கள் வராமல் போகிறார்கள். பொருளாதாரத்தில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்டுப் போன மற்றொன்றின் மதிப்பு. ‘மைனஸ் சேர்க்கை’ என்ற கணக்குக்குப் பின்னால் இருக்கும் தர்க்கம் இதுதான். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒருவருக்கு 50,000 டாலர் என்ற உச்சபட்ச ஊக்கத்தொகையையே கொடுத்தாலும், 1.1 கோடி டாலரில் 220 பேருக்குக் கொடுக்கலாம்.

தேர்ந்தெடுத்த மேடையும் சரியில்லை. யு.எஃப்.எல். என்பது எக்ஸ்.எஃப்.எல்., யு.எஸ்.எஃப்.எல். என்ற இரண்டு தடுமாறும் லீக்குகள் சேர்ந்து உருவானது. முதல் சீசனில் ஒரு ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சராசரியாகப் பத்து லட்சத்துக்கும் குறைவு, அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களுக்குக் கோடிக்கணக்கில் பார்வையாளர்கள். ஆக, தரைப்படை உண்மையில் விலை கொடுத்தது லீக்குக்கு அல்ல, ராக்கின் இன்ஸ்டாகிராமுக்குத்தான். தரைப்படையின் அன்றைய தலைமைத் தளபதி ராண்டி ஜார்ஜும் இந்த ஒப்பந்தத்துக்கு ஆதரவாக இருந்தார். அந்த ஐந்து பதிவுகளில் மூன்று வராதபோது மிச்சம் ஒன்றும் இல்லை.

ஐந்தும் வந்திருந்தால்? பெரிதாக மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிடித்த நடிகர் சொன்ன சோப்பை நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கிப் பார்க்கலாம், நுரை வராவிட்டால் அடுத்த முறை பழைய சோப்புக்கே போய்விடலாம். ராணுவத்தில் போடும் கையெழுத்து அப்படியில்லை. ரிசர்வ் காலத்தையும் சேர்த்து மொத்தம் எட்டு ஆண்டுக் கடப்பாடு. காலோ கையோ உயிரோ போகலாம். பதினெட்டு வயதுப் பிள்ளை அந்த முடிவை எடுக்கும்போது அம்மா அப்பாவிடம் பேசும், ஏற்கெனவே படையில் இருக்கும் மாமாவிடம் கேட்கும், காதலியிடம் கேட்கும். தரைப்படையில் புதிதாகச் சேருகிறவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேருக்குக் குடும்பத்தில் யாராவது படையில் பணியாற்றியிருக்கிறார்கள். சமையற்கட்டில் நடக்கும் அந்தப் பேச்சில் நட்சத்திரத்துக்கு இடம் கிடையாது. பெரிய நகரங்களில், ராணுவத்தில் இருந்த ஒருவரைக்கூட நேரில் தெரியாத வீடுகளில்தான் ஆள் சேர்ப்பது கஷ்டம். அங்கே இன்ஸ்டாகிராம் பதிவைவிட, ஊருக்கு வந்து உட்கார்ந்து பதில் சொல்லும் ஒரு அதிகாரி அதிகம் பயன்படுவார்.

நட்சத்திரத்தின் பெயரோடு நம் பெயரைக் கட்டினால் அவருக்கு நேர்வதும் நமக்கு நேரும். 2023 மார்ச்சில் தரைப்படை, 1980-களில் புகழ்பெற்ற தன் பழைய முழக்கத்தை மீண்டும் எடுத்துப் புதிய விளம்பரங்களை வெளியிட்டது. கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகள் நடக்கும் சீசன் அது. விளம்பரங்களில் தோன்றியவர் நடிகர் ஜோனதன் மேஜர்ஸ். அந்த மாதமே அவர் தாக்குதல் வழக்கில் கைதானார். விளம்பரங்களை உடனே நிறுத்த வேண்டி வந்தது. ஆண்டுக்கணக்கில் தயாரான பிரசாரம், ஒரு வாரக் கடைசியில் நின்றது.

இதில் பொதுமக்களின் நம்பிக்கையும் சேர்ந்து அடிபடுகிறது. 2015 நவம்பரில் செனட்டர்கள் ஜான் மெக்கெயினும் ஜெஃப் ஃப்ளேக்கும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மைதானத்தில் வீரர்களை அழைத்துக் கௌரவிப்பது, போர்முனையிலிருந்து திரும்பும் அப்பாவைக் குடும்பத்தின் முன் திடீரென்று நிறுத்திக் கண்கலங்க வைப்பது போன்ற நிகழ்ச்சிகள் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் துறையே விளையாட்டு அணிகளுக்குப் பணம் கொடுத்திருந்தது அதில் தெரியவந்தது. அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் போனது சுமார் 68 லட்சம் டாலர். அணியின் அன்பு என்று நம்பி எழுந்து நின்று கைதட்டியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? மெக்கெயின் வியட்நாமில் ஐந்து ஆண்டுக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். அவர் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த ஆண்டு என்.எஃப்.எல். ஏழு லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது.

டில்மன்

விளம்பரத்தில் தோன்றாமல் நிஜமாகவே படையில் சேர்ந்த ஒரு விளையாட்டு நட்சத்திரம் இருந்தார். இந்தப் பேச்சில் அவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

பாட் டில்மன், என்.எஃப்.எல். லீக்கில் அரிசோனா கார்டினல்ஸ் அணியில் ஆடியவர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 36 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2002-இல் தம்பி கெவினோடு தரைப்படையில் சேர்ந்தார். பேட்டி கொடுக்க மறுத்தார். தன்னைத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டாம், மற்ற வீரர்களைப் போலவே நடத்துங்கள் என்பது அவர் நிலை. விளம்பரப் படத்தில் நடிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் அமெரிக்காவில் அப்போது கிடையாது. அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

2004 ஏப்ரல் 22-இல் ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியின் துப்பாக்கிச் சூட்டில் வீரமரணம் என்று சொன்னது தரைப்படை. வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள். நினைவுக் கூட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சில வாரங்கள் கழித்துத்தான், அவரைக் கொன்றது சொந்தப் படையினரின் குண்டுகள் என்று குடும்பத்துக்குச் சொன்னார்கள். களத்தில் இருந்தவர்களுக்கு அது முதலிலேயே தெரிந்திருந்தது. அவருடைய அம்மா மேரி டில்மன் ஆண்டுக்கணக்கில் போராடி, 2007-இல் விஷயம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. தன் அண்ணனின் மரணத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று கெவின் அங்கே சாட்சி சொன்னார்.

ஆள்சேர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஒரு ராணுவத்தைப் பற்றி வீடுகளில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது, இப்படிப்பட்ட நேரங்களில் அது உண்மை சொன்னதா என்பதுதான். எந்த அம்மாவும் தன் பிள்ளையை அனுப்பும் முன் இதைத்தான் யோசிப்பார். அதை இரண்டு இன்ஸ்டாகிராம் பதிவு சரிசெய்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

பின்னே ஆள் எப்படி வந்தார்கள்

வந்தார்கள். 2024 நிதியாண்டில் தரைப்படை 55,000 என்ற இலக்கைத் தாண்டியது. ராக் ஒப்பந்தம் சொதப்பிய அதே ஆண்டு. இலக்கையே முந்தைய ஆண்டைவிடக் குறைத்து வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஏற்றம் உண்மையானது. அடுத்த ஆண்டு 61,000 என்ற இலக்கை நான்கு மாதம் முன்னதாக, 2025 ஜூனிலேயே தொட்டுவிட்டார்கள்.

இதில் பெரும்பங்கு வகித்தது, யாரும் சுவரொட்டி ஒட்டிக் கொண்டாடாத ஒரு வகுப்பறை. தென் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சன் பயிற்சி முகாமில் 2022 ஆகஸ்ட்டில் ஒரு முன்தயாரிப்புப் பயிற்சி தொடங்கியது. எடை கொஞ்சம் அதிகம், அல்லது நுழைவுத் தேர்வில் மதிப்பெண் கொஞ்சம் குறைவு, மற்றபடி தகுதியுண்டு என்ற நிலையில் இருப்பவர்களை வாசலில் திருப்பி அனுப்பாமல் உள்ளே எடுத்துக்கொள்வார்கள். அதிகபட்சம் 90 நாள். ஒரு பிரிவுக்கு ஆங்கிலமும் கணக்கும். மேசை நாற்காலி போட்டு, ஆசிரியர் வைத்து, பின்னம் சதவீதம் எல்லாம் மறுபடி சொல்லிக் கொடுப்பார்கள். இன்னொரு பிரிவுக்கு உடற்பயிற்சியும் சாப்பாட்டு ஒழுங்கும். தேறியவர்கள் வழக்கமான அடிப்படைப் பயிற்சிக்குப் போவார்கள். 2024-இல் தரைப்படையில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்த வழியாக வந்தவர்.

முன்பு பார்த்த அந்தப் படிகளை நினைத்துப் பாருங்கள். விளம்பரம், முதல் படியில் கூட்டத்தைப் பெருக்குகிறது. அடைப்பு இருந்ததோ தகுதி என்ற படியில். அங்கே கையை வைத்ததும் ஆள் வந்தது. இந்தத் துறையில் புதிதாக வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்தப் படியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரியாமல் பட்ஜெட் போடாதீர்கள்.

மற்ற மாற்றங்களும் உண்டு. 2023 அக்டோபரில் அப்போதைய தரைப்படைச் செயலர் கிறிஸ்டின் வோர்முத், ஆள்சேர்ப்பு முறையையே திருத்தி அமைப்பதாக அறிவித்தார். அதுவரை வேறு பிரிவுகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு அனுப்பப்பட்டவர்களே பெரும்பாலும் இந்த வேலையைப் பார்த்தார்கள். பீரங்கிப் படையில் இருந்த ஒருவரைத் திடீரென்று பள்ளி வாசலில் நிறுத்தி, ஆள் பிடித்து வா என்றால் எப்படி? இனி இதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் இருப்பார்கள் என்றார்கள். பள்ளி முடித்தவர்களை மட்டும் துரத்தாமல், கல்லூரியில் இருப்பவர்கள், வேலைச் சந்தையில் இருப்பவர்கள் பக்கமும் பார்வை திரும்பியது. 2024 நவம்பர் தேர்தல்தான் சேர்க்கையைத் தூக்கியது என்று அரசியல் மேடைகளில் பேச்சு இருக்கிறது. ஆனால் 2024 நிதியாண்டு முடிந்தது செப்டம்பரில், தேர்தலுக்கு முன்பு.

இதனால் விளையாட்டு விளம்பரமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பெயரே தெரியாத ஒரு நிறுவனத்தை ஊருக்கு அறிமுகம் செய்ய அதைவிட வேகமான வழி குறைவு. அமெரிக்கத் தரைப்படைக்குப் பெயர் தெரியாத பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் அதைக் கேள்விப்படாத பிள்ளை ஏது? கேள்விப்பட்ட பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது, உள்ளே போனால் என்ன வேலை, என்ன சம்பளம், படிப்புக்கு எவ்வளவு தருவார்கள், எப்போது வீட்டுக்கு வரலாம் என்பதெல்லாம்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, 2025 ஜனவரியில் 4.5 சதவீதம், ஏப்ரலில் மேலும் 10 சதவீதம் என்று கீழ்நிலைப் படைவீரர்களுக்கு மொத்தம் 14.5 சதவீதம் ஊதிய உயர்வு நடைமுறைக்கு வந்தது. சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு பிள்ளையும் அதன் பெற்றோரும் காகிதத்தில் எழுதிப் பார்த்துக் கணக்குப் போடக்கூடிய விஷயம் அது.